பழசா, புதுசா: வருமான வரியில் நான் விட்ட 45,000 ரூபாய்

2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை. காலை டிபனை முடித்துவிட்டு வருமான வரி ரிட்டர்ன் போட உட்கார்ந்தேன். கெடு ஜூலை 31-ஆம் தேதியே முடிந்திருந்தது. கம்பெனி கொடுக்கும் வரிப் பிடித்தச் சான்றான ஃபார்ம் 16 ஜூன் பாதியிலேயே கைக்கு வந்துவிட்டது, சோம்பலில் தள்ளிப்போட்டிருந்தேன். ஜூலை கடைசி வாரம் அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது கெடு தேதி ஞாபகம் வராமல் இல்லை. "என்ன, ஐயாயிரம் ரூபாய் தாமதக் கட்டணம். கட்டிக்கொண்டால் போச்சு" என்று விட்டுவிட்டேன்.

அந்த ஐயாயிரம்தான் கடைசியில் கிட்டத்தட்ட 45,000 ஆனது.

நான் வரி தெரிந்த ஆள் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை. 2023-24-இல் ஆண்டுச் சம்பளம் 13,20,000 ரூபாய். வரி கணக்கிட இரண்டு முறை உண்டு: வாடகை, கடன் வட்டி போன்றவற்றை வருமானத்தில் இருந்து கழித்துக்கொள்ளும் பழைய முறை, கழிவுகள் பெரும்பாலும் இல்லாமல் வரி விகிதம் குறைந்த புதிய முறை. கம்பெனியில் ஏப்ரல் மாதமே "பழைய முறை" என்று குறித்துக் கொடுத்திருந்தேன். ஜனவரியில் வாடகை ரசீது, வீட்டுக் கடன் சான்றிதழ், இன்சூரன்ஸ் ரசீது எல்லாம் கொடுத்தேன். அதன்படி 72,180 ரூபாய் வரியை முறையாகப் பிடித்தும் விட்டார்கள். அதனால் பாக்கி பூஜ்யம் என்று காட்டும், தாமதக் கட்டணத்தோடு வேலை முடியும் என்று நினைத்திருந்தேன். உள்ளே போனால், பழைய முறையைத் தேர்ந்தெடுக்கவே விடவில்லை. கெடு தாண்டிப் போடும் ரிட்டர்னுக்குப் புதிய முறை ஒன்றுதான் வழி.

புதிய முறையில் என் வரி 1,08,160. வித்தியாசம் 35,980. அதற்கு மேல் தாமதக் கட்டணம் 5,000. இவ்வளவு பாக்கி இருந்தும் முன்கூட்டியே வரி கட்டவில்லை என்று வட்டி கிட்டத்தட்ட 4,000. பழைய முறையில் இருந்த எல்லாக் கழிவும் கையில் ரசீதாக இருக்கிறது, ஆனால் ஒன்றுக்கும் உதவாது. ஒரு மணி நேரம் ஏதாவது தப்பாக அழுத்திவிட்டோமா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்புறம் ஆடிட்டர் ஒருவருக்குப் போன் செய்தேன். "ஒன்றும் செய்ய முடியாதுங்க, கட்டிடுங்க" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்.

என் கணக்கு எங்கே தப்பியது என்றால், பழைய பழக்கத்தில்தான். 2020 பட்ஜெட்டில் புதிய முறை வந்தபோது அது விரும்பினால் எடுத்துக்கொள்ளும் ஒன்று. நாம் எதுவும் சொல்லாவிட்டால் பழைய முறையிலேயே இருப்போம். 2023-24 நிதியாண்டில் அது தலைகீழாக மாறியது. சொல்லாவிட்டால் புதிய முறை. பழையது வேண்டும் என்றால் நாமாகக் கேட்க வேண்டும், அதுவும் கெடுவுக்குள் போடும் ரிட்டர்னில் கேட்க வேண்டும். இது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. பேப்பரில் படித்திருந்தேன். கம்பெனியில் ஒருமுறை "பழையது" என்று குறித்துவிட்டோமே, அதோடு சரி என்று நினைத்திருந்தேன். கம்பெனியில் சொல்வது மாதப் பிடித்தத்துக்கு மட்டும். வரித் துறையைப் பொறுத்தவரை நாம் ரிட்டர்னில் சொல்வதுதான் கணக்கு.

இதில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. ஏப்ரலில் கம்பெனி மெயிலைக் கவனிக்காமல் விட்டு, புதிய முறைப்படி அதிகமாகப் பிடித்துவிட்டார்கள் என்றால் பதற வேண்டாம். சம்பளக்காரர்கள் கெடுவுக்குள் ரிட்டர்ன் போடும்போது பழைய முறைக்கு மாறிக்கொண்டு, கூடுதலாகப் பிடித்ததை ரீஃபண்டாக வாங்கிக்கொள்ளலாம். என் பக்கத்து சீட்டு நண்பர் அப்படித்தான் வாங்கினார். ஒவ்வொரு வருடமும் மாறி மாறித் தேர்ந்தெடுக்கவும் தடையில்லை.

அந்த 45,000 போன பிறகுதான் முதல் முறையாக ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் கழிவுகளை நானே எழுதிப் பார்த்தேன். அதுவரை கம்பெனி கேட்பதைக் கொடுப்பேன், வருவதை வாங்கிக்கொள்வேன். எழுதியபோது வந்தது இது. ரசீதே இல்லாமல் சம்பளத்தில் கழியும் நிலையான கழிவு 50,000. வாடகைப் படிக்கான விலக்கு 1,26,000. உடுமலைப்பேட்டையில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்கு நான் வாங்கிய கடனின் வட்டி 1,62,000. சேமிப்பு போன்றவற்றுக்கான 80சி பிரிவில் 1,50,000. எங்களுக்கும் அப்பா அம்மாவுக்கும் மருத்துவக் காப்பீடு 45,000. தொழில் வரி 2,500. மொத்தம் 5,35,500.

வாடகை விலக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மாதம் 15,000 வாடகை, ஆண்டுக்கு 1,80,000. அது முழுக்கக் கழியும் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். கழியாது. வாடகையில் இருந்து அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதத்தைக் கழித்த தொகை, கம்பெனி கொடுக்கும் வாடகைப் படி, அடிப்படைச் சம்பளத்தின் 40 சதவீதம், இந்த மூன்றில் எது குறைவோ அதுதான். சென்னை போன்ற சில பெருநகரங்களில் இருந்தால் 50 சதவீதம். கோவைக்கு அந்த யோகம் இல்லை. என் அடிப்படைச் சம்பளம் மாதம் 45,000, அதனால் 1,80,000-இல் 54,000 போய் 1,26,000.

ஆனால் அந்தத் தாளில் என்னை உட்கார வைத்தது வாடகை இல்லை, 80சி. வரிசையாக எழுதினேன். பி.எஃப். 64,800. வீட்டுக் கடன் அசலில் 60,000. பெண்ணின் ஸ்கூல் டியூஷன் ஃபீஸ் 55,000. கூட்டினால் 1,79,800. உச்சவரம்பு 1,50,000. அதாவது கையை அசைக்காமலே வரம்பு நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. இதற்கு மேல் வருடம் 24,000 ரூபாய்க்கு ஒரு எண்டோமென்ட் பாலிசி, அதாவது முதிர்வுத் தொகை தரும் ஆயுள் காப்பீடு. சொந்தக்காரர் ஒருவர் மார்ச் மாதம் வீட்டுக்கு வந்து, காபி குடித்துவிட்டு, "டாக்ஸுக்கு ஆச்சுங்க மாப்பிள்ளை" என்று எழுதி வாங்கிப் போனது. ஆரம்பத்தில் ஒருவேளை உதவியிருக்கலாம். கடன் எடுத்து, பெண் ஸ்கூலில் சேர்ந்த பிறகு அது ஒரு ரூபாய் வரியைக்கூடக் குறைக்கவில்லை. "டாக்ஸுக்கு ஆச்சு" என்ற ஒரே காரணத்துக்காக வருடா வருடம் கட்டிக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் கட்டியாகிவிட்டது, இப்போது சரண்டர் செய்தால் நஷ்டம் என்பதால் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சொந்தக்காரரிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

அப்பா கதை வேறு. ஓய்வு பெற்ற ஆசிரியர். மாதம் 35,000 பென்ஷன், வங்கி டெபாசிட் வட்டி ஆண்டுக்கு 2,60,000. மொத்தம் 6,80,000. பழைய முறையில் நிலையான கழிவு 50,000, மூத்த குடிமக்களுக்கு வட்டியில் கழிவு 50,000, போக 5,80,000. ஐந்து லட்சத்துக்குள் கொண்டுவந்தால் வரி கிடையாது. அதனால் ஒவ்வொரு மார்ச்சும் 80,000 ரூபாயை ஐந்து வருட வரி சேமிப்பு டெபாசிட்டில் போடுவார். பாஸ்புக், பான் கார்டு ஜெராக்ஸ், பேனா எல்லாம் ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி பேங்க்குக்குப் போவார். வாத்தியார் புத்தி, ஒரு வருடம் தவறியதில்லை.

2024 மார்ச்சிலும் போட்டார். புதிய முறையில் அந்த வருடம் ஏழு லட்சம் வரை வரி இல்லை. அவருடைய கணக்கு நிலையான கழிவு போக 6,30,000 தான். எதையும் எங்கேயும் போடாமலே வரி பூஜ்யம். எழுபத்து நான்கு வயதில் ஐந்து வருடத்துக்குப் பணத்தைப் பூட்டி வைத்திருக்கிறார். அந்த டெபாசிட்டை இடையில் எடுக்க முடியாது, அதன் மேல் கடனும் வாங்க முடியாது. நான் போய்ச் சொன்னபோது பாஸ்புக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத மார்ச்சுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே கண்ணு" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. என் கணக்கையே பார்க்காதவன் அவர் கணக்கை எங்கே பார்த்தேன்.

அடுத்த ஏப்ரலில், வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று சொல்லும் 15ஹெச் படிவத்தை மட்டும் பேங்க்கில் கொடுத்துவிட்டு வந்தார். வட்டியில் பிடித்தம் இல்லை. பென்ஷனும் டெபாசிட் வட்டியும் மட்டும் உள்ள வீட்டுப் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் புதிய முறையே போதும். 2025-26-இல் அந்த வரம்பு பன்னிரண்டு லட்சம். பிறகு எதற்கு யோசனை?

அந்தப் பன்னிரண்டு லட்சம் எங்கள் கேன்டீனில் பட்ட பாடு தனி. 2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை. நிர்மலா சீதாராமன் பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லை என்று அறிவித்ததும் ஆபீஸ் வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒரே பட்டாசு. திங்கள்கிழமை டீ நேரத்தில் ஒருவர், "எனக்குப் பதிமூன்றரை லட்சம். பன்னிரண்டு போக ஒன்றரை லட்சத்துக்குத்தானே வரி?" என்று கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இல்லை. பன்னிரண்டு லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வந்த வரியைத் தள்ளுபடி செய்கிறார்கள், அவ்வளவுதான். அதைத் தாண்டினால் தள்ளுபடி போய்விடும், நாலு லட்சத்துக்கு மேலே இருந்தே கணக்கு ஆரம்பிக்கும். நாலில் இருந்து எட்டு வரை 5 சதவீதம், எட்டில் இருந்து பன்னிரண்டு வரை 10, பன்னிரண்டில் இருந்து பதினாறு வரை 15. கொஞ்சமே தாண்டியவர்களுக்கு மட்டும் ஒரு கருணை உண்டு. கழிவு போக வருமானம் 12,10,000 என்றால் கணக்குப்படி வரி 61,500, ஆனால் தாண்டியது பத்தாயிரம்தான் என்பதால் வரியும் பத்தாயிரத்தோடு நின்றுவிடும், அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி 4 சதவீதம். சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவு 75,000 இருப்பதால் 12,75,000 வரை சம்பளம் உள்ளவர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

அதிலும் ஒரு ஓட்டை. பங்கு விற்ற லாபத்துக்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது. எங்கள் பிரிவில் ஒரு பையன், சம்பளம் பத்து லட்சம், பங்கு வாங்கி ஆறே மாதத்தில் விற்று ஒரு லட்சம் லாபம். "மொத்தம் பதினொன்றுதானே, பூஜ்யம்" என்று திரிந்துகொண்டிருந்தான். அந்த ஒரு லட்சத்துக்கு 20 சதவீதம் தனியாகக் கட்ட வேண்டும் என்று சொன்னபோது என்னை எதிரியைப் போலப் பார்த்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2024-25-இல் சம்பளம் 13,80,000. அந்த வருடம் ஜூலை பட்ஜெட்டில் புதிய முறையின் வரி அடுக்குகளைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். கணக்குப் போட்டால் புதியதில் 1,05,040, பழையதில் 85,360. பழையதுதான். ரிட்டர்ன் கெடுவை அந்த வருடம் செப்டம்பர் 16 வரை நீட்டினார்கள். நான் ஜூலை முதல் வாரமே முடித்துவிட்டேன். சூடு கண்ட பூனை. அப்போது ஒன்றைக் கவனித்தேன். பழைய முறையில் போட்டால் இப்போது நிறையக் கேள்வி கேட்கிறார்கள். பாலிசி எண், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், கடன் கொடுத்த வங்கி, கடன் கணக்கு எண் எல்லாம் நிரப்ப வேண்டும். மாமியார் பெயரில் வாடகை ரசீது எழுதிக்கொண்டு, வாடகையே கொடுக்காமல் கழிவு எடுப்பவர்களை எல்லா ஆபீசிலும் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. சொந்தக்காரர்களுக்கு வாடகை கொடுப்பது தப்பில்லை, ஆனால் நிஜமாகவே வங்கிக் கணக்கு வழியாகக் கொடுத்திருக்க வேண்டும், வாங்கியவர் அதைத் தன் வருமானத்தில் காட்ட வேண்டும்.

2025-26-இல் சம்பளம் 14,40,000. மறுபடி தாளை எடுத்தேன். கடன் வட்டி 1,47,000 ஆகக் குறைந்திருக்கிறது. இது எனக்கு உறைக்கச் சில வருடம் ஆனது. வீட்டுக் கடன் பழசாக ஆக, மாதத் தவணையில் வட்டி குறைந்து அசல் கூடும். அசல் போய் விழுவது ஏற்கெனவே நிறைந்து வழியும் 80சி-யில். அதனால் சம்பளம் ஏறும்போது என் கழிவு மட்டும் இறங்கிக்கொண்டே வருகிறது. மொத்தக் கழிவு 5,27,700. பழைய முறையில் வரி 98,760. புதிய முறையில் 88,140. முதல் முறையாகப் புதியது 10,620 ரூபாய் குறைவு.

ஆபீசில் ஒருவர், "என்.பி.எஸ்.-இல் ஐம்பதாயிரம் போடுங்க, பழைய முறையில் அதுக்குத் தனிக் கழிவு இருக்கு, சரியாப் போயிடும்" என்றார். என்.பி.எஸ். என்றால் தேசிய ஓய்வூதியத் திட்டம். போட்டுப் பார்த்தேன், தாளில்தான். வரி 10,400 குறைந்து 88,360. அப்போதும் புதியதே 220 ரூபாய் குறைவு! வருடக் கணக்கில் பூட்டி வைக்க ஐம்பதாயிரம் கொடுத்துவிட்டு, 220 ரூபாய் அதிகமாகவும் கட்ட வேண்டும். ஓய்வுக்காலத்துக்கு வேண்டும் என்று போடுவது வேறு. வரிக்காகப் போடுவது அந்தப் பாலிசிக் கதைதான்.

என்.பி.எஸ்.-இல் புதிய முறைக்கும் ஒரு வழி இருக்கிறது. நம் சம்பளத்தின் ஒரு பகுதியைக் கம்பெனியே தன் பங்காக அதில் கட்டினால், அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை புதிய முறையிலும் கழிக்கலாம். எனக்கு அது 82,320, வரியில் 12,840 மிச்சம். ஹெச்.ஆரில் கேட்டேன். "நம்ம கம்பெனியில் அது இல்லைங்க சார்" என்றார்கள். உங்கள் கம்பெனியில் கேட்டுப் பாருங்கள், கேட்காமல் சொல்ல மாட்டார்கள்.

மச்சானுக்கு என் கணக்கு ஒத்துவராது. அவர் கோவை கணபதியில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். தொழில் வருமானம் உள்ளவர்கள் எங்களைப் போல வருடா வருடம் தாவ முடியாது. பழைய முறைக்குப் போக 10-ஐ.ஈ.ஏ. என்ற படிவத்தைக் கெடுவுக்குள் போட வேண்டும். அப்புறம் ஒருநாள் புதிய முறைக்குத் திரும்பினால், தொழில் வருமானம் இருக்கும் வரை மறுபடி பழையதுக்குப் போக முடியாது. ஒரே ஒரு திரும்பல்தான். அவர் புதிய முறையிலேயே இருந்துவிட்டார், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் வருகிறது. "புதிய முறைக்கு மாறிட்டேன், இனி மெடிக்ளெய்முக்குக் கழிவு இல்லை, அப்பா அம்மா பாலிசியை நிறுத்தப்போறேன்" என்று ஒரு நண்பர் சொன்னார். அம்மாவின் மூட்டு அறுவை சிகிச்சைக்கு ஆன 2,30,000 ரூபாயில் 1,90,000 காப்பீட்டில் வந்தது. அதில் எனக்குக் கிடைத்த வரிச் சலுகை சில ஆயிரம். எதற்காக எது என்று தெரியாமல் போய்விட்டது நமக்கு. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் 2025 செப்டம்பர் 22 முதல் எடுத்துவிட்டார்கள் என்று காட்டிய பிறகுதான் அந்த நண்பர் புதுப்பித்தார்.

2026 ஜனவரியில் வழக்கம் போல ஹெச்.ஆரில் இருந்து ப்ரூஃப் கேட்டு மெயில் வந்தது. புதியது என்று குறித்து அனுப்பிவிட்டேன். ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது மறுபடி ஒருமுறை தாளை எடுப்பேன். ஒவ்வொரு ஜனவரியும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு ரசீதையும் ரெவின்யூ ஸ்டாம்ப்பையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறி வீட்டு ஓனரிடம் கையெழுத்து வாங்குவது வழக்கம். அவர் கண்ணாடியைத் தேடி, பான் எண்ணை டைரியில் தேடி, ஒவ்வொன்றிலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். இந்த முறை போகவில்லை. பிப்ரவரி முதல் வாரம் அவரே போன் செய்தார்.

"ஏனுங் தம்பி, இந்த வருசம் ரசீது வாங்க வரவே இல்லீங்களே. வீடு ஏதும் காலி பண்றீங்களா?"